தேவாலயக் கட்டடங்களில் ஓவியருக்கும் டிசைனருக்கும் என்ன இருக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: போஸ்டர் டிசைன் செய்கிறேன். கோதிக் (ஐரோப்பாவின் இடைக்காலக் கட்டடப் பாணி) தேவாலயம் என்றாலே கூர்வளைவு, வட்டச் சாளரம் என்று எல்லோரும் அதையேதான் எடுத்துப் போடுகிறார்கள். புதிதாக எடுக்க ஏதாவது உண்டா?

பதில்: உருவத்தைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். பாரம் எந்த வழியாகக் கீழே இறங்குகிறது, வெளிச்சம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பாருங்கள். கூர்வளைவு அரைவட்ட வளைவைவிடப் பக்கவாட்டில் குறைவாகத் தள்ளும். மிச்சத் தள்ளலை வெளியே நிற்கும் உதைசுவர்கள் வாங்கிக்கொள்ளும். சுவருக்குச் சுமை குறைந்ததால்தான் அவ்வளவு பெரிய வண்ணக் கண்ணாடிகளை வைக்க முடிந்தது. உங்கள் போஸ்டரிலும் எது தாங்குகிறது, எதைத் திறந்து விடலாம் என்று கேட்டுப் பாருங்கள். கூர்வளைவே இல்லாமல் கோதிக் உணர்வு வந்துவிடும்.

கேள்வி: ஓவியக் கல்லூரி மாணவி நான். பிரான்சின் ரூவான் தேவாலயத்தை பிரெஞ்சு ஓவியர் மோனே முப்பது தடவைக்கு மேல் வரைந்தாராம். ஒரே கட்டடத்தில் அப்படி என்ன?

பதில்: அந்த முகப்பைப் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், புரியும். முழுக்கக் குடைந்த கல்வேலை. வெயில் கொஞ்சம் நகர்ந்தாலே நிழல்கள் எல்லாம் இடம் மாறும். 1892, 1893-ல் எதிரே இருந்த அறைகளில் உட்கார்ந்து, பல கேன்வாஸ்களை ஒன்றாக வைத்துக்கொண்டு, வெளிச்சம் மாற மாற ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். பிறகு வீட்டு ஸ்டுடியோவில் முடித்தார். பெயின்ட்டையும் சுவருக்குக் காரை பூசுவதுபோல் தடிமனாக ஏற்றியிருப்பார். நீங்களும் ஒரே கோட்டுப்படத்தை மூன்று பிரதி எடுத்து, காலை, உச்சிவெயில், மாலை என்று நிறத்தை மட்டும் மாற்றிப் பழகுங்கள்.

கேள்வி: நிறங்களைத் தேர்ந்தெடுப்பதில் தடுமாறுகிறேன். எந்தத் தேவாலயத்தைப் பார்க்கலாம்?

பதில்: தென் பிரான்சில் வான்ஸ் என்ற ஊரில் ஓவியர் மாத்திஸ் வடிவமைத்த சிற்றாலயம், 1951. எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். சாளரங்களில் மஞ்சள், பச்சை, நீலம் மூன்றே நிறங்கள். பச்சையிலும் நீலத்திலும் வெளியே உள்ளது தெரியும், மஞ்சளில் தெரியாது. கண் ஓரிடத்தில் வெளியே போகும், பக்கத்திலேயே தடுக்கப்பட்டு நிற்கும். மற்ற சுவர்களில் வெள்ளை ஓடுகளும் கறுப்புக் கோடுகளும்தான், சாளரத்தின் நிறம் வந்து விழ இடம் வேண்டுமே! சாளரங்களுக்கான டிசைனை வண்ணம் பூசிய காகிதங்களைக் கத்தரித்துத்தான் செய்தார். கம்ப்யூட்டரை மூடிவிட்டு அதைச் செய்து பாருங்கள்.

இதற்கு நேரெதிராக, ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் 2007-ல் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் செய்த சாளரத்தில் 72 நிறங்கள், 11,000-க்கும் மேற்பட்ட சதுரங்கள். எந்த நிறம் எங்கே என்பதைப் பெரும்பாலும் கம்ப்யூட்டரின் குலுக்கலுக்கு விட்டார். ஆனால் நிறங்களை அந்தப் பேராலயத்தின் பழைய கண்ணாடிகளோடு ஒத்துப்போகிற மாதிரி தேர்ந்தெடுத்தார். அதனால்தான் துருத்திக்கொண்டு நிற்கவில்லை.

கேள்வி: விளக்கு, நாற்காலி டிசைன் செய்கிறேன். ஸ்பெயின் கட்டடக் கலைஞர் கௌடி சங்கிலியைத் தொங்கவிட்டுக் கட்டடம் வரைந்தார் என்கிறார்களே?

பதில்: உண்மைதான். பார்சிலோனா அருகே குவெல் குடியிருப்பின் ஆலயத்துக்காகக் கயிறுகளைத் தொங்கவிட்டு, ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகளைக் கட்டி, போட்டோ எடுத்துத் தலைகீழாக்கினார். தொங்கும் கயிற்றில் இழுவிசை மட்டுமே இருக்கும். அதே வளைவைத் தலைகீழாக்கினால் அழுத்தம் மட்டுமே. கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அங்கே அடித்தள ஆலயம் மட்டும்தான் கட்டி முடிந்தது. கற்றதை பார்சிலோனாவின் சக்ராதா ஃபமிலியா தேவாலயத்துக்கு எடுத்துப் போனார். மேசைக்கு அடியில் நூலைக் கட்டி வாஷர்களை மாட்டிப் பாருங்கள், விளக்குக்கான வளைவு தானாகக் கிடைக்கும்.

கேள்வி: கையில் பட்ஜெட்டே இல்லையென்றால்?

பதில்: ஜப்பானின் இபராகியில் கட்டடக் கலைஞர் தாதாவோ ஆண்டோ கட்டிய ஒளி ஆலயம், 1989. கான்கிரீட் சுவரில் சிலுவை வடிவில் ஒரு வெட்டு, அதன் வழியே வெளிச்சம். பெஞ்சுகளும் தரையும் கட்டட வேலைக்குச் சாரம் கட்டும் மலிவான பலகைதான்.

கேள்வி: சிலுவை, பீடம் போன்றவற்றை என் டிசைனில் பயன்படுத்தலாமா?

பதில்: வழிபடுகிறவர்களுக்கு அவை அலங்காரம் இல்லை. டி-ஷர்ட்டில் போடுவதற்காக எடுக்காதீர்கள். வளைவு, நிழல், தாளகதி எல்லாம் உங்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும்.

கேள்வி: ஐரோப்பாவுக்குப் போக வழியில்லை. பக்கத்தில் எங்கே ஸ்கெட்ச் செய்யலாம்?

பதில்: புதுச்சேரி இருதய ஆண்டவர் பசிலிக்கா, சென்னை சாந்தோம். இரண்டும் கோதிக் பாணிதான், வண்ணக் கண்ணாடியும் உண்டு. பூசை நேரம் வேண்டாம். அங்கே இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள், ஃப்ளாஷ் போடாதீர்கள். வெயில் எந்தப் பக்கக் கண்ணாடியில் எப்போது படும் என்று முதல் நாள் பார்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் வண்ணப்பெட்டியோடு போங்கள்.