எடையைக் குறைக்கக் கலோரி எண்ணிக்கொண்டே இருக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் 35 வயதுப் பெண். உயரம் 165 செ.மீ., எடை 80 கிலோ. அவர் போனில் இருக்கும் ஆப், நாளுக்கு 1200 கலோரி என்று இலக்கு கொடுத்திருக்கிறது. காலம் முழுக்க இப்படி எண்ணிக்கொண்டே இருக்க வேண்டுமா, பார்த்துச் சாப்பிட்டால் போதாதா என்று கேட்கிறார்.

பார்த்துச் சாப்பிட்டால் போதும். ஆனால் எதைப் பார்ப்பது என்று தெரிய வேண்டுமே! அதற்காக மூன்று, நான்கு வாரம் எண்ணுங்கள். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி.

முதலில் அந்த 1200-ஐ மறந்துவிடுங்கள். 1990-ல் வந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் என்று ஒன்று உண்டு. கிலோவில் எடையை 10-ஆல் பெருக்குங்கள், சென்டிமீட்டரில் உயரத்தை 6.25-ஆல் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டுங்கள். அதில் வயதைப் போல ஐந்து மடங்கைக் கழித்து, பெண் என்றால் இன்னும் 161 கழிக்க வேண்டும் (ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும்). உங்களுக்குச் சுமார் 1495 வருகிறது. நாள் முழுக்கச் சும்மா படுத்துக் கிடந்தாலே உங்கள் உடம்பு செலவழிப்பது இவ்வளவு. உட்கார்ந்த வேலை, கொஞ்சம் நடை என்று வைத்துக்கொண்டால் மொத்தச் செலவு 2100-ஐ ஒட்டி இருக்கும். அதில் 400 அல்லது 500 குறைத்துக்கொண்டால் 1600, 1700-க்குள் வரும். இதைப் பல மாதம் கடைப்பிடிக்க முடியும். 1200-ல் ஆரம்பிப்பவர்கள் பலர் வாரக் கடைசியில் பசி தாங்காமல் விட்டதையெல்லாம் சேர்த்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள்.

சரி, பிறகு எதற்கு எண்ண வேண்டும்? ஏனென்றால் நாம் சாப்பிடுவது நமக்கே சரியாகத் தெரிவதில்லை. 1992-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. "1200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை குறையவில்லை" என்று சொன்ன 10 பேரைச் சோதித்தார்கள். அவர்கள் உடம்பு சக்தியைச் செலவழிக்கும் விதத்தில் ஒரு கோளாறும் இல்லை. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். பத்து பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் இதை அவர்கள் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். தட்டில் வைத்துச் சாப்பிடுவது நினைவில் நிற்கும், நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொள்வது நிற்காது.

நான் எண்ணிய காலத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது எண்ணெய். ஒரு டேபிள்ஸ்பூன் கிட்டத்தட்ட 120 கலோரி. கொழுப்பு கிராமுக்கு 9, புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 என்பதால் எண்ணெயில் கை கொஞ்சம் தாராளமானாலே கணக்கு எகிறிவிடும். அடுத்து சர்க்கரை போட்ட பானங்கள். குடித்தது வயிற்றுக்குச் சாப்பிட்டதாகவே தெரியாது. அப்புறம் கைப்பிடி கைப்பிடியாக எடுக்கும் கொட்டைகள். கரண்டிக் கணக்கை நம்பாமல் ஒரு சின்ன சமையலறைத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். ஆப்பில் பதியும்போது வேகாத எடையா, வெந்த எடையா என்று பாருங்கள். 100 கிராம் வேகாத அரிசி சுமார் 360 கலோரி, அதே 100 கிராம் சோறாக என்றால் சுமார் 130. நிறையப் பேருடைய கணக்கு கவிழ்வது இந்த இடத்தில்தான்.

இவ்வளவு பார்த்து எண்ணினாலும் அந்த எண் துல்லியமானது அல்ல. அமெரிக்காவில் பாக்கெட்டில் அச்சிட்ட கலோரியைவிட உள்ளே இருப்பது 20 சதவீதம் வரை கூடியிருந்தால் விதிமுறை அதை ஏற்றுக்கொள்கிறது. முழு பாதாமில் கணக்குப்படி இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் உடம்பில் சேருகிறது என்று 2012-ல் அளந்து பார்த்திருக்கிறார்கள். மீதி ஜீரணமாகாமலே வெளியேறுகிறது. ஆகவே 1640-ஆ, 1660-ஆ என்று ராத்திரி உட்கார்ந்து கவலைப்படுவது வீண் வேலை.

நீங்கள் கேட்ட "பார்த்துச் சாப்பிடுவது" இங்கேதான் வருகிறது. 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் பெரிதும் பதப்படுத்திய பாக்கெட் உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு என்று மாற்றிக் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பாக்கெட் உணவில் அதே ஆட்கள் நாளுக்கு 500 கலோரி போலக் கூடுதலாகச் சாப்பிட்டு, கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினார்கள். மற்றதில் அதே அளவு இறங்கினார்கள். யாரும் எதையும் எண்ணவில்லை!

அதனால் ஒவ்வொரு வேளையும் முட்டை, பருப்பு, மீன், தயிர் என்று ஏதாவது ஒரு புரதம் தட்டில் இருக்கட்டும். புரதத்தில் இருக்கும் சக்தியில் 20 முதல் 30 சதவீதம் அதை ஜீரணிக்கவே போய்விடும். பசியும் அடங்கும், எடை குறையும்போது தசை கரைவதும் குறையும். காய்கறியும் பழமும் சேர்த்து நாளுக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கைப் பலர் எதிரியாகப் பார்க்கிறார்கள். 1995-ல் 38 உணவுகளைக் கொடுத்து எது வயிற்றை நிறைக்கிறது என்று பார்த்த ஆய்வில் முதலிடம் வேகவைத்த உருளைக்கிழங்குக்குத்தான். பொரித்ததற்கு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கினால் பெரும்பகுதி தண்ணீர். உடம்பில் மாவுச்சத்தாகச் சேமித்து வைத்த கிளைகோஜன் குறையும்போது அதோடு சேர்ந்திருந்த நீரும் போய்விடும். மாதவிடாய் நாட்களில் திரும்ப ஏறியது போலத் தெரியலாம். தினமும் காலையில் பார்த்தாலும் வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்கள், பாலூட்டுபவர்கள், இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. முன்பு உணவுப் பழக்கக் கோளாறு இருந்தவர்களுக்கு எண்ணுவதே ஆகாது.

எடை இறங்க இறங்க உடம்பின் செலவும் இறங்கும். நீங்கள் 72 கிலோவுக்கு வந்ததும் இதே சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் மொத்தச் செலவு நாளுக்கு 110 கலோரி போலக் குறைந்திருக்கும்; உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடவே குறையலாம். எடை அங்கேயே நின்றுவிட்டால் மறுபடி ஒரு வாரம் மட்டும் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் எண்ணெயிலேயே காரணம் கிடைத்துவிடும்.