சம்பள ஒப்பந்தம் பிடிக்கவில்லை, திங்கட்கிழமை ஸ்ட்ரைக் போகலாமா?

கேள்வி: நான் ஆந்திராவில் இருக்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஒன்பது வருஷமாக ஆபரேட்டர். வீடு சத்தியவேடு பக்கம், வீட்டில் பேசுவது தமிழ். கையில் வரும் சம்பளம் 24,000 ரூபாய். பழைய ஒப்பந்தம் முடிந்து எட்டு மாசம் ஆகிறது. போன வாரம் சங்க நிர்வாகிகள் புது ஒப்பந்தத்துக்கு எம்.ஓ.யூ. (புரிந்துணர்வுக் குறிப்பு) போட்டுவிட்டு வந்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். 4 வருஷத்துக்கு மாசச் சம்பளத்தில் 9,000 ரூபாய் உயர்வு, வருஷாவருஷம் 40-20-20-20 சதவீதம் என்று பிரித்து. அரியர்ஸ் கிடையாது, அதற்குப் பதில் மொத்தமாக 25,000. மணிக்கு 60 பீஸ் எடுத்த இடத்தில் இனி 68. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. 420 பெர்மனெண்ட் ஆட்களில் பாதிக்கு மேல் கொதிப்பில் இருக்கிறார்கள். தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் கையெழுத்து அடுத்த வாரமாம். "திங்கட்கிழமை எல்லாரும் லீவு போடுவோம், ஸ்ட்ரைக் என்று யாரும் சொல்ல முடியாது" என்று வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. போகலாமா? கும்மிடிப்பூண்டியிலிருந்து பஸ்ஸில் வரும் பசங்க திருவள்ளூரில் மனு கொடுக்கலாம் என்கிறார்கள். அது சரியா?

பதில்: திங்கட்கிழமை வேண்டாம். கோபம் தப்பு என்று சொல்லவில்லை, அந்தத் தேதிதான் தப்பு.

லீவு போட்டால் ஸ்ட்ரைக் ஆகாது என்ற நம்பிக்கை பழைய காலத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பில், ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு கேஷுவல் லீவு எடுத்தாலே அது வேலைநிறுத்தம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். வேலைநிறுத்தம் என்றால் முன்கூட்டி நோட்டீஸ் வேண்டும், நோட்டீஸ் கொடுத்த 14 நாளுக்குள் இறங்கவும் கூடாது. ஆக, திங்கட்கிழமை நீங்கள் செய்வது சட்டவிரோத வேலைநிறுத்தம். கலந்துகொண்டவருக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தூண்டியவருக்கு அபராதம் 10,000 முதல் 50,000 வரை. வாட்ஸ்அப்பில் அந்த வாக்கியத்தை ஃபார்வர்ட் செய்கிறவர் யார் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். நடைமுறையில் உங்களை அடிக்கப்போவது வேறு இரண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, நோட்டீஸும் நியாயமான காரணமும் இல்லாமல் வராமல் போனால், வேலை நிபந்தனையில் அப்படி ஒரு ஷரத்து இருக்கும் பட்சத்தில் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டரையும் நிலையாணைகளையும் (கம்பெனியின் வேலை விதிகள்) இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இரண்டாவது, சஸ்பென்ஷன். நான் ஆலோசனை சொல்லப் போன ஒரு தொழிற்சாலையில் இதே மாதிரி மாஸ் லீவு போட்டார்கள். மூன்றாம் நாள் முன்னணியில் இருந்தவர்கள் சஸ்பெண்ட். அதற்குப் பிறகு ஆறு மாசம் நடந்த பேச்சு முழுக்க அவர்களை உள்ளே கொண்டுவருவதைப் பற்றித்தான். சம்பள ஒப்பந்தம் கம்பெனி எழுதியபடியே கையெழுத்தானது, அதைப் படிக்கக்கூட ஆளில்லை.

சரி, அடுத்த வாரக் கையெழுத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் அதுதான், நீங்கள் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

கம்பெனியும் சங்கமும் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் அந்த இரண்டு தரப்பையும் மட்டுமே கட்டும். பழைய சட்டத்தில் இதற்கு 18(1) என்று பேர். சமரச அதிகாரி, அதாவது நீங்கள் சொன்ன தொழிலாளர் துறை அதிகாரி, முன்னால் போடுவது 12(3). சட்டம் மாறி எண்கள் மாறினாலும் கேட்டில் நிற்பவர்கள் இன்னும் "டுவெல்-த்ரீ போட்டாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். இந்த 12(3) எல்லாரையும் கட்டும்: சங்கத்தில் இல்லாதவரை, எதிர்த்தவரை, நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவரைக்கூட. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலம் முழுக்க, அதில் பேசி முடித்த விஷயங்களுக்காக வேலைநிறுத்தம் செய்ய முடியாது. 4 வருஷம் முடிந்தாலும் தானாக விலகாது. எழுத்தில் முடிவு நோட்டீஸ் கொடுத்து 60 நாள் போக வேண்டும். கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், அதுவும் சுலபமில்லை. ஒப்பந்தத்தை மொத்தமாகத்தான் பார்க்க வேண்டும், பிடிக்காத ஷரத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு அநியாயம் என்று சொல்லக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஹெர்பர்ட்சன்ஸ் வழக்கிலேயே சொல்லிவிட்டது.

எம்.ஓ.யூ. வரைக்கும்தான் வந்திருக்கிறது என்றால் உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அந்த ஒரு வாரம் அடுத்த நாலு வருஷத்தை விடப் பெரியது.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். உங்கள் சண்டை இப்போதைக்குக் கம்பெனியோடு இல்லை, உங்கள் நிர்வாகிகளோடு. வேலைநிறுத்த நோட்டீஸ் சங்கத்தின் பேரில், நிர்வாகிகள் கையெழுத்தோடு போவதுதான் வழக்கம். ஒப்பந்தம் போட்டவர்களே அதை எதிர்த்து நோட்டீஸ் போடுவார்களா? அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே கார்த் தொழிலாளர் சங்கமான யூ.ஏ.டபிள்யூ.வில், நிர்வாகிகள் பேசி முடித்தது உறுப்பினர் வாக்குக்கு வரும். 2023 அக்டோபரில் மேக் டிரக் தொழிலாளர்கள் 73 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்று போட்டு, மறுநாளே வெளியே வந்தார்கள். சங்கத்தின் ஸ்ட்ரைக் நிதியிலிருந்து வாரம் 500 டாலர் கிடைத்தது. நம் சட்டத்தில் உறுப்பினர் வாக்கு கட்டாயமில்லை, நம் சங்கங்களில் அப்படி நிதியும் இல்லை. ஆனால் உங்கள் சங்கத்தின் விதிகளில் 'பொதுக்குழு ஒப்புதல்' என்று ஒரு வரி இருக்கலாம். பதிவு செய்த சங்கம் என்றால் எழுதிவைத்த விதிகள் கட்டாயம் இருக்கும்.  முதல் வேலை அதை வாங்கிப் படிப்பது. எத்தனை உறுப்பினர் கையெழுத்துப் போட்டால் அவசரப் பொதுக்குழு கூட்ட வேண்டும் என்றும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

விதியில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், 420-ல் 250 பேர் கையெழுத்துப் போட்ட ஒரு தாளைச் சமரச அதிகாரி மேஜையில் வையுங்கள். நியாயமான, சுமுகமான உடன்பாட்டுக்கு இரு தரப்பையும் கொண்டுவருவதுதான் சட்டம் அவருக்குக் கொடுத்திருக்கும் வேலை. பெரும்பான்மை எதிர்க்கிறது என்று எழுத்தில் தெரிந்தபின் கண்ணை மூடிக்கொண்டு சாட்சிக் கையெழுத்துப் போட எந்த அதிகாரியும் தயங்குவார். நிற்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் இப்படித் தள்ளிப்போனதைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு: ஒன்றுக்கு மேல் சங்கம் இருக்கும் இடத்தில், ஒற்றைப் பேச்சுவார்த்தைச் சங்கமாக (எல்லாருக்காகவும் கம்பெனியோடு பேசும் ஒரே சங்கமாக) இருக்க மஸ்டர் ரோலில், அதாவது ஆட்கள் பதிவேட்டில், உள்ளவர்களில் 51 சதவீத ஆதரவு வேண்டும். அந்தக் கணக்கு நிர்வாகிகளுக்கும் தெரியும், மேனேஜ்மெண்டுக்கும் தெரியும்.

அந்தத் தாளில் என்ன கேட்பீர்கள்? எல்லாவற்றையும் திறக்காதீர்கள். முதலில் ஒரு கணக்கு.

9,000 ரூபாய் என்பது நாலாவது வருஷத்துத் தொகை. முதல் வருஷம் 3,600, அப்புறம் 5,400, 7,200, 9,000. நாலு வருஷத்துக்கும் சராசரி போட்டால் மாசம் 6,300. இந்த 9,000 கிராஸிலா (பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம்), சி.டி.சி.யிலா (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்று கேட்டீர்களா? சி.டி.சி. என்றால் பேசிக்கில் 12 சதவீதம் கம்பெனி பங்கு பி.எஃப்., 4.81 சதவீதம் கிராஜுவிட்டி, போதாக்குறைக்குச் சில இடங்களில் பஸ்ஸும் கேண்டீனும்கூட இதற்குள் வந்துவிடும். இந்த ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் எந்தத் தொகையையும் நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

அரியர்ஸுக்காகச் சண்டை போடாதீர்கள். எட்டு மாசம், மாசம் 3,600 என்றால் 28,800. அவர்கள் தருவது 25,000. வித்தியாசம் 3,800 ரூபாய். நாலைந்து நாள் சம்பளம் போனால் அதுவே சரியாகிவிடும். கூட்டத்தில் அரியர்ஸ் என்று சொன்னால் கைதட்டல் வரும், அவ்வளவுதான்.

உங்களை உண்மையில் உறிஞ்சப்போவது அந்த 68. அறுபதிலிருந்து அறுபத்தெட்டு என்றால் 13 சதவீதத்துக்கு மேல் கூடுதல் வேலை. முதல் வருஷ உயர்வு உங்கள் கைச்சம்பளத்தில் 15 சதவீதம். அதாவது கூடுதல் பீஸுக்குக் கூலி தருகிறார்கள், விலைவாசிக்கு என்று ஏறக்குறைய ஒன்றும் தரவில்லை. சம்பளம் நாலு வருஷத்தில் மறுபடி பேசலாம். ஏறிய டார்கெட் இறங்கி நான் பார்த்ததில்லை. அந்த ஷரத்தில் என்ன எழுதியிருக்கிறது, என்ன எழுதாமல் விட்டிருக்கிறது என்று பாருங்கள். 68 என்பதை யார் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தார்கள்? எந்த ஷிஃப்டில், எத்தனை பேர் நின்ற லைனில்? நைட் ஷிஃப்டின் கடைசி ஒரு மணி நேரத்தில் அளந்திருக்க மாட்டார்கள், அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். மெஷின் பிரேக்டவுன், மெட்டீரியல் இல்லாமல் நின்ற நிமிஷம், டை மாற்றும் நேரம் இதெல்லாம் கழியுமா? லைனில் ஒரு ஆளை எடுத்துவிட்டு அதே 68 கேட்டால் என்ன? சங்கம் தரப்பில் ஒருவர், கம்பெனி தரப்பில் ஒருவர் சேர்ந்து அளப்பது, மூன்று மாசம் சோதனை, ஆள் குறைத்தால் எண்ணும் குறையும் என்ற வரி. இந்த மூன்றையும் கேளுங்கள். கம்பெனிக்கு இதில் கைக்காசு பெரிதாகப் போகாது என்பதால் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு.

இத்தனைக்கும் பிறகு பேச்சு முறிந்து, சங்கமும் உங்கள் பக்கம் வந்து, முறைப்படி ஸ்ட்ரைக் என்றே முடிவானால்? நோட்டீஸ் கொடுத்த 14 நாள் முடிந்து, 60 நாளுக்குள் இறங்க வேண்டும். இதற்கிடையில் சமரச அதிகாரி முதல் கூட்டம் போட்டதுமே சமரசம் தொடங்கியதாகக் கணக்கு. அது நடக்கும்போதும், முடிந்து ஏழு நாள் வரையும் இறங்கக்கூடாது. பேச்சு தோற்றால் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் நேரே ட்ரிப்யூனலுக்கு (தொழில் தீர்ப்பாயம்) போகலாம். அங்கே வழக்கு நிலுவையில் இருக்கும்போதும், முடிந்து 60 நாள் வரையும் மறுபடி தடை. அந்த ஏழு நாளுக்குள் கம்பெனி வக்கீல் மனுவைப் போட்டுவிட்டால் உங்கள் ஜன்னல் மூடிவிடும். புதுச் சட்டத்தில் முறையான வேலைநிறுத்தத்துக்குக் கிடைக்கும் இடைவெளி இவ்வளவுதான். எனக்கு இதில் மனக்குறை உண்டு, ஆனால் இருப்பதை வைத்துத்தானே சொல்ல முடியும்? ஒரு நல்ல பக்கம்: சமரசம் நடக்கும்போது, தகராறுக்குச் சம்பந்தப்பட்ட வேலை நிபந்தனைகளைக் கம்பெனியும் மாற்ற முடியாது, அந்தத் தகராறை ஒட்டிய குற்றச்சாட்டுக்காக அனுமதி வாங்காமல் யாரையும் டிஸ்மிஸ் செய்யவும் முடியாது.

உங்கள் பலம் எவ்வளவு என்பதைக் கணக்கில் எடுங்கள். உதிரிபாகக் கம்பெனிக்குப் பயம் அதிகம், ஏனென்றால் கார் கம்பெனிகள் பாகங்களைக் குவித்து வைப்பதில்லை. லாரி வராவிட்டால் அங்கே லைன் நிற்கும். ஆனால் நீங்கள் 420 பேர் வெளியே நின்று, காண்ட்ராக்ட் ஆட்களும் டிரெய்னிகளும் உள்ளே லைனை ஓட்டினால் அந்தப் பயம் ஒரு வாரத்தில் போய்விடும். இன்னொரு அறிகுறி, திடீரென்று ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. கூடுவது, குடோனில் டிராலிகள் நிறைவது. ஓ.டி. காசை வாங்கிக்கொண்டு உங்கள் ஸ்ட்ரைக்குக்கு எதிராக நீங்களே ஸ்டாக் போடுகிறீர்கள் என்று அர்த்தம். வீட்டுக் கணக்கும் உண்டு: ஒரு மாசம் வெளியே நின்றால் 24,000 போகும். அதற்குப் பிறகு மாசம் 1,500 கூடுதலாக ஜெயித்தாலும் போனது திரும்ப 16 மாசம். முறையான ஸ்ட்ரைக்காக இருந்தாலும் அந்த நாள் சம்பளம் தானாக வராது. சட்டப்படியும் இருக்க வேண்டும், நியாயமான காரணமும் இருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. எதிர்ப்பைக் காட்ட கறுப்பு பேட்ஜ் குத்தலாம், கேண்டீன் சாப்பாட்டைப் புறக்கணிக்கலாம். லைனை மெதுவாக ஓட்டுவது மட்டும் வேண்டாம், அது தனிக் குற்றச்சாட்டு.

கடைசியாகத் திருவள்ளூர். அங்கே கொடுக்கும் மனு வீண். நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள் என்பதைச் சட்டம் பார்க்காது, தொழிற்சாலை எந்த மாநிலத்தில் நிற்கிறது என்றுதான் பார்க்கும். சத்தியவேடு வட்டாரம் 1960-ல் எல்லை மாற்றியபோது செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போனது, இப்போது திருப்பதி மாவட்டம். கும்மிடிப்பூண்டியிலிருந்து வருகிறவருக்கும் ஆந்திரத் தொழிலாளர் துறைதான். எம்.ஓ.யூ. ஆங்கிலத்திலோ தெலுங்கிலோ இருந்தால், தெலுங்கு படிக்கத் தெரிந்த உங்கள் ஷிஃப்ட் நண்பரை உட்காரவைத்து ஒவ்வொரு ஷரத்தாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உற்பத்தி ஷரத்தை இரண்டு தடவை. சங்கம் வேறு, மொழி வேறு என்று இந்தச் சமயத்தில் பிரித்துப் பேசுகிறவர்கள் கேட் இரண்டு பக்கத்திலும் வருவார்கள், அதனாலும் மனுவில் முதல் பத்துக் கையெழுத்துகளில் தெலுங்குக்காரர்கள் ஐந்து பேராவது இருக்கட்டும். மனுவைத் தெலுங்கில் எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைத் தமிழிலேயே போடலாம், செல்லும். பக்கத்தில் டோக்கன் நம்பரும் எழுதிவிடுங்கள். இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போய், உங்களுடையதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமைக்குள் திரும்புங்கள்.