தடை பெற்ற மூத்த பேட்டரை அணியில் சேர்க்கலாமா?

கேள்வி: நான் ஆதரிக்கும் பேஸ்பால் அணி, ஒருமுறை ஊக்கமருந்துத் தடை பெற்ற 38 வயது பேட்டரை ஓராண்டுக்கு எடுக்கப் பேசிவருகிறது. ஒரு காலத்தில் பெரிய நட்சத்திரம். இது நல்ல ஒப்பந்தமா என்று எதை வைத்து முடிவுசெய்வது?

பதில்: அவருடைய வாழ்நாள் ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எடுக்கும் ரன்) கணக்கை ஒதுக்கிவையுங்கள். அந்தப் பலனைப் பழைய அணிகள் அனுபவித்தாயிற்று. நாளைக்கே அவர் இல்லாமல் போனால் உங்கள் அணிக்கு என்ன நஷ்டம் என்று கேளுங்கள்.

2011-இல் டாம்பா பே ரேஸ் அணி இதே நிலையில் இருந்தது. அது எடுத்த பேட்டர் மேனி ராமிரெஸுக்கு அப்போது 38 வயது; 555 ஹோம் ரன்கள்; 2009-இல் 50 ஆட்டத் தடை. ரேஸ் அவருக்கு ஓராண்டுக்கு 20 லட்சம் டாலர் பேசியது. ஐந்தே ஆட்டங்கள், 17 வாய்ப்புகளில் ஒரே ஒரு ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டுவது). அதற்குள் இன்னொரு பரிசோதனையில் சிக்கினார். 100 ஆட்டத் தடை காத்திருந்தது. ஏப்ரலில் ஓய்வை அறிவித்துவிட்டார். ஆனாலும் ரேஸ் நிலைகுலையவில்லை. அதே சமயத்தில் எடுத்திருந்த ஜானி டேமன், பேட்டிங்குக்கு மட்டுமான டெசிக்னேட்டட் ஹிட்டர் இடத்துக்கு வந்து 16 ஹோம் ரன் அடித்தார். லீக் சுற்றின் கடைசி நாளில் அணி பிளே ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. அந்த ஒப்பந்தம் பலன் தரவில்லைதான். ஆனால் தவறான ஒப்பந்தம் என்று நான் சொல்லமாட்டேன். தொகை சிறியது, மாற்று ஆள் கையில் இருந்தார்.

இன்னொரு நட்சத்திர பேட்டர் ராபின்சன் கனோவின் கதை வேறு. 2018-இல் ஊக்கமருந்துக்காக 80 ஆட்டத் தடை பெற்றவர், 2020-இல் நியூயார்க் மெட்ஸ் அணிக்காக .316 சராசரியில் (ஆயிரம் வாய்ப்புக்கு 316 ஹிட் என்ற விகிதம்) அடித்தார். அந்த ஆண்டு நவம்பரிலேயே மீண்டும் பரிசோதனையில் தோற்று, 2021 முழுவதையும் இழந்தார். 2022 மே மாதம், ஒப்பந்தம் 2023 வரை இருந்தும், மெட்ஸ் அவரை விடுவித்தது. ஆகவே கடைசித் தடைக்கு முந்தைய எண்களை நம்பாதீர்கள். தடை முடிந்து திரும்பிய பிறகு எப்படி அடித்தார் என்று பாருங்கள்: மணிக்கு 95 மைலுக்கு மேல் வரும் பந்தை எப்படிச் சந்திக்கிறார், ஸ்ட்ரைக் அவுட்டோடு (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) ஒப்பிட்டால் வாக் (நான்கு தவறான பந்துகளால் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) எத்தனை பெறுகிறார். வயதின் தளர்ச்சி பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும்.

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் இன்றைய விதியில் இரண்டாவது முறை சிக்கினால் 162 ஆட்டத் தடை (ஒரு முழு சீசன்), சம்பளமும் கிடையாது. சீசன் நடுவில் தடை பெற்றவர் அந்த ஆண்டின் பிளே ஆஃபிலும் ஆட முடியாது. அக்டோபரில் நடக்கும் பிளே ஆஃபுக்காகவே அவரை எடுக்கும் அணி இதை மறக்கக்கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சர்ச்சை ஊக்கமருந்து சார்ந்ததாக இல்லாமல், மனைவியையோ காதலியையோ தாக்கியது என்றால் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. அதற்கென 2015-இல் லீக்கும் வீரர்கள் சங்கமும் தனி விதிமுறையே கொண்டுவந்தன. அப்படிப்பட்டவரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்கக்கூடாது என்பதே என் நிலைப்பாடு.

உங்கள் அணி பேசுவது குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய தொகை, இளம் வீரர் ஒருவரின் இடமும் பறிபோகவில்லை என்றால், எடுக்கட்டும். ஆனால் அனுப்பவும் தயங்கக்கூடாது. மெட்ஸ் விடுவித்த கனோவைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எடுத்த சான் டியேகோ பாட்ரெஸ், 33 வாய்ப்புகளில் 3 ஹிட் என்றதும் ஒரு மாதம்கூடக் காத்திருக்காமல் விடுவித்துவிட்டது.