தீராத கருத்துரைகள் அடுத்த வரைவில் தொலையாமல் இருக்க

கேள்வி: வாவிக் கரையிலுள்ள எங்கள் ஊருக்குக் கிராம அபிவிருத்திச் சங்கம் வெள்ள ஆயத்தத் திட்டம் ஒன்றை எழுதி வருகிறது. கமக்காரர் அமைப்பு, மீனவர் கூட்டுறவுச் சங்கம், கிராம உத்தியோகத்தர், பாடசாலை அதிபர் ஆகியோருக்கு ஒவ்வொரு வரைவையும் அனுப்பிக் கருத்துக் கேட்கிறோம். மழைக்காலத்தில் வெள்ளம் வடிய, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டித் திறக்கும்படி எந்த நிலையில் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) கோரிக்கை விடுப்பது என்ற பகுதிக்கு மீனவர் சங்கம் இரண்டாம் வரைவில் ஆட்சேபம் எழுதியிருந்தது. மூன்றாம் வரைவில் அந்தக் குறிப்பையே காணவில்லை. வேண்டுமென்றே நீக்கிவிட்டோம் என்று அவர்கள் மனம் நொந்திருக்கிறார்கள். இப்போது நான்காம் வரைவு தயாராகிறது. இனி இப்படி நேராமல் இருக்க என்ன செய்யலாம்?
— சங்கச் செயலாளர் ஒருவர், மட்டக்களப்பு

பதில்: அந்தக் குறிப்பு எப்படித் தொலைந்திருக்கும் என்பதை முதலில் பார்ப்போம். வேர்டில் எழுதப்படும் கருத்துரை ஒரு குறிப்பிட்ட சொற்றொடரோடு பிணைந்தே நிற்கிறது. அந்தச் சொற்றொடர் முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினால், அதனோடு பிணைந்த கருத்துரையும் சேர்ந்து போய்விடும். கூகுள் டொக்ஸில் ஆவணத்துக்குப் பிரதி எடுத்து அடுத்த வரைவைத் தொடங்கும்போது, கருத்துரைகளையும் பிரதி செய்யும்படி தனியாகக் குறிக்காவிட்டால் அவை பழைய கோப்பிலேயே தங்கிவிடும். ஆகவே உங்கள் தட்டச்சாளர் எவ்வித கெட்ட எண்ணமும் இல்லாமல் அந்தப் பத்தியைச் செம்மைப்படுத்தியிருக்கலாம். ஆனால் கரைவலையும் தோணியும் நம்பி வாழ்பவர்களுக்கு அது தங்கள் சொல்லை அழித்ததாகவே தெரியும். அவர்களுடைய வருத்தத்தை நியாயமானதாகவே கொள்ள வேண்டும்.

நான்காம் வரைவை யாருக்கும் அனுப்புவதற்கு முன், மின்னஞ்சலில் இருக்கும் இரண்டாம் வரைவைத் திறந்து, வேர்டின் ஒப்பிடும் வசதியால் மூன்றாம் வரைவோடு ஒப்பிட்டு, எந்தெந்தப் பத்திகள் நீக்கப்பட்டன என்று பாருங்கள். நீக்கப்பட்ட ஒவ்வொரு பத்தியிலும் பழைய கோப்பில் கருத்துரை இருந்ததா என்று சரிபார்த்தால், இதைப் போல் வேறு குறிப்புகள் தொலைந்திருந்தாலும் அகப்படும்.

அதன்பின் கருத்துரைகளை ஆவணத்துக்கு வெளியே ஒரு பதிவேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எக்செல் போதும், கோடு போட்ட கொப்பியும் போதும். ஒவ்வொரு கருத்துக்கும் மாறாத இலக்கம் ஒன்றைக் கொடுத்து, சொன்னவர் யார், எந்த வரைவைப் பார்த்துச் சொன்னார், அவர் கேட்கும் மாற்றம் என்ன, சங்கத்தின் பதில் என்ன, இப்போதைய நிலை என்ன என்பவற்றை எழுதுங்கள். பக்க இலக்கத்தை நம்ப வேண்டாம். அது வரைவுக்கு வரைவு மாறிவிடும். பகுதியின் பெயரையும், ஆட்சேபிக்கப்பட்ட வாக்கியத்தை அப்படியே மேற்கோளாகவும் எழுதிவைத்தால், அந்த வாக்கியம் பின்னர் அழிக்கப்பட்டாலும் எதைப் பற்றிச் சொன்னார்கள் என்பது நிலைக்கும். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் குழுக்களும் இவ்வகை அட்டவணையையே பயன்படுத்துகின்றன: கருத்து, கோரப்படும் மாற்றம், செயலகத்தின் குறிப்பு ஆகியவை அதில் ஒரே வரிசையில் நிற்கும்.

ஊரில் எல்லோரும் கோப்பில் எழுதமாட்டார்கள். கூட்டத்தில் எழுந்து சொல்வதும் வட்ஸ்அப்பில் குரற்பதிவாக அனுப்புவதும் கருத்துகள்தான். அவற்றை நீங்கள் பதிவேட்டில் எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்ட பிறகே இலக்கமிட வேண்டும். எழுதத் தெரிந்தவரின் ஆட்சேபம் மட்டும் பதிவாகும் திட்டத்தை ஊர்த் திட்டம் என்று சொல்வது கடினம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, ஒரு கருத்தைத் தீர்ந்ததாகக் குறிக்கும் உரிமை யாருக்கு என்பதையே. பத்தியை மாற்றி எழுதியவர் ‘மாற்றப்பட்டது, சொன்னவரின் பதிலுக்குக் காத்திருக்கிறது’ என்று மட்டுமே எழுதலாம். தீர்ந்தது என்று சொல்ல வேண்டியவர் ஆட்சேபித்தவர். இணையத்தின் தொழினுட்ப விதிகளை வகுக்கும் ஐ.ஈ.ரீ.எஃப். அமைப்பில், இறுதி மதிப்பாய்வின்போது, ஒரு தொழினுட்பப் பகுதிக்குப் பொறுப்பான பணிப்பாளர் ஒருவர் ‘டிஸ்கஸ்’ என்ற தடையை இட்டால், ஆசிரியர்கள் புதிய வரைவைப் பதிவேற்றுவதால் மட்டும் அது அகன்றுவிடாது. இட்டவர் புதிய வரைவைப் பார்த்துத் தாமே அதை நீக்குவதே வழமை.

ஆட்சேபித்தவர் எக்காலமும் உடன்படாவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் முகத்துவாரப் பிரச்சினை அத்தகையதுதான். தாழ்ந்த வயல்களில் நெல் அழுகிப்போகும் என்று கமக்காரர் விரைவாக வெட்டக் கேட்பார்கள். வாவி நீர் வடிந்தால் மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்று மீனவர் பொறுக்கச் சொல்வார்கள். ஒருவர் எழுதிய வாக்கியத்தைச் செம்மைப்படுத்தி இதைத் தீர்க்க இயலாது. முகத்துவாரத்தை வெட்டும் முடிவும் உங்கள் சங்கத்தின் கையில் இல்லை. எனவே அந்தக் கருத்தை ‘பொதுக்கூட்டத்துக்கு விடப்பட்டது’ என்று குறித்து, யார் எந்தத் திகதிக்குள் அதைக் கூட்டத்தில் வைப்பார் என்பதையும் எழுதுங்கள். கூட்டம் ஒரு முடிவெடுத்தால், காரணத்தோடு கூட்ட அறிக்கையில் பதிந்து, அந்தக் காரணத்தையே பதிவேட்டுக்கும் கொண்டுவாருங்கள். மீனவர் சங்கம் அப்போதும் உடன்படாவிட்டால், அவர்களுடைய நிலைப்பாட்டை அவர்களுடைய சொற்களிலேயே திட்டத்தின் பின்னிணைப்பில் சேருங்கள். கச்சேரிக்குப் போகும் ஆவணத்தில் இரண்டு தரப்பும் தெரிவது, தீர்மானிக்கும் அதிகாரிக்கும் பயன்படும்.

எல்லாக் கருத்தும் தீரட்டும் என்று திட்டத்தை நிறுத்திவைக்கவும் கூடாது. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட ஊர்களுக்கு, வடகீழ்ப் பருவமழை யாருக்காகவும் பொறுக்காது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. மழைக்கு முன் வெளியிடுங்கள். ஒவ்வொரு வரைவின் முதற்பக்கத்திலும் இன்னும் தீராதவற்றின் இலக்கங்களையும் ஒரு வரி விளக்கத்தையும் அச்சிடுங்கள். நான்காம் வரைவில் அந்தப் பட்டியலின் முதல் இடத்தை மீனவர் சங்கத்தின் குறிப்புக்குக் கொடுத்து, அது தொலைந்த விதத்தையும் ஒரு கடிதத்தில் அவர்களுக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் நூலகக் குழுவின் யாப்பு வரைவில், முடிவான விடயத்தையே ஒருவர் ஒவ்வொரு முறையும் திரும்ப எழுப்புகிறார். அவரை எப்படிச் சமாளிப்பது?
— வாசகி, கல்முனை

பதில்: முந்தைய முடிவின் இலக்கத்தையும் காரணத்தையும் எழுத்தில் அவருக்குக் கொடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். பதில் கிடைக்காதவர்தான் பெரும்பாலும் திரும்பத் திரும்பக் கேட்பார். கொடுத்திருந்தால், புதிய தகவல் வந்தாலோ, அந்தப் பிரிவு மாற்றி எழுதப்பட்டாலோ மட்டுமே பழைய கருத்து மீண்டும் திறக்கப்படும் என்று குழு ஒரு விதி செய்துகொள்ளலாம். அந்த விதி தலைவருக்கும் பொருந்த வேண்டும்.