ரஸ்தாளி மஞ்சளாகி ஒடிந்து விழுகிறது, மேன்கோசெப் அடிக்கலாமா?

நீங்கள் கேட்டது: திருவையாறு பக்கம் ஒரு ஏக்கர் ரஸ்தாளி வாழை, நட்டு ஏழாம் மாதம். அடி இலை மஞ்சளாகிறது, சில மரம் ஒடிந்து விழுகிறது. கடையில் மேன்கோசெப் கொடுத்திருக்கிறார்கள்.

அதைப் பிரிக்காமல் வையுங்கள். அது சிகடோகா இலைப்புள்ளிக்கு அடிக்கிற மருந்து, மரம் ஒடிவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சளை மட்டும் பார்த்து நோயைச் சொல்லவும் முடியாது. சாம்பல் சத்து (பொட்டாஷ்) குறைந்தாலும் அடி இலைதான் முதலில் பழுக்கும். மஞ்சளாகி நிற்பதில் ஒன்று, ஒடிந்து விழுந்ததில் ஒன்று என்று இரண்டு மரத்தை வெட்டிப் பாருங்கள்.

நிற்கிற மரத்தைக் கிழங்கோடு தோண்டிக் குறுக்கே வெட்டுங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய சதையில் செம்பழுப்புப் புள்ளியும் வளையமும் தெரிந்தால் பனாமா வாடல். வெளியிலும் தெரியும்: இலை ஓரத்திலிருந்து மஞ்சள் ஏறி, காம்பு மடங்கி, தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கும், தரையை ஒட்டித் தண்டு நெடுக்காக வெடித்திருக்கும். மண்ணில் கிடக்கும் ஃபுசேரியம் பூஞ்சாணம் வேர் வழியே ஏறி, தண்ணீர் போகும் குழாய்களை அடைத்துவிடுகிறது. இலையில் எதைத் தெளித்தாலும் அங்கே போய்ச் சேராது.

அறிகுறி காட்டிய மரம் பிழைக்காது. கிழங்கோடு எடுத்து வயலுக்கு வெளியே எரியுங்கள், வாய்க்காலில் மட்டும் போடாதீர்கள். குழியில் 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். சுற்றியுள்ள நல்ல மரங்களுக்குக் கிழங்கில் 45 டிகிரி சாய்வாக 10 செ.மீ. ஆழம் துளையிட்டு, 2 சதவீத கார்பெண்டாசிம் கரைசல் (லிட்டருக்கு 20 கிராம்) 3 மில்லி செலுத்தலாம். இது நோய் வராமல் தடுக்கத்தான், வந்ததைத் திருப்பாது. நம் பக்கம் வயலுக்கு வயல் தண்ணீர் பாய்வதால், நோய் கண்ட மடையிலிருந்து அடுத்த மடைக்குத் தண்ணீர் போகாமல் வரப்பு கட்டுங்கள். மண்வெட்டியையும் கழுவிவிட்டே அடுத்த மடையில் இறங்குங்கள்.

அந்த வயலில் மறுதாம்பு (வெட்டிய மரத்தின் அடியில் வரும் கன்றையே அடுத்த பயிராக வளர்ப்பது) விடாதீர்கள், கன்றும் எடுக்காதீர்கள். பூஞ்சாணம் பல ஆண்டு மண்ணில் கிடக்கும். தண்ணீர் தேங்கி நிற்க நெல் ஒன்றிரண்டு போகம் போட்டால் அதன் அளவு குறையும். ஆற்றுப் படுகை நிலமாக இருந்து தண்ணீர் நிற்காவிட்டால் பூவனுக்கு மாறுவது நல்லது. கற்பூரவள்ளிக்கும் மொந்தனுக்கும் போகாதீர்கள், அவையும் இதே நோய்க்கு விழும்.

இனி ஒடிந்த மரம். நடுத்தண்டில் ஒடிந்து, உள்ளே புழு குடைந்த வழி இருந்தால் தண்டுக் கூன்வண்டு. நிற்கும் மரத்தில் குண்டூசித் துளை அளவு ஓட்டையும் பிசின் போன்ற வடிதலும் இருக்கும். ஐந்தாம் மாதத்துக்கு மேல்தான் வரும். தொங்கும் சருகு மட்டைகளை மாதம் ஒருமுறை அறுத்துவிடுங்கள், வண்டு அதன் மறைவில்தான் தங்கும். தண்டை ஓரடி நீளத்துக்கு வெட்டி, நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகத்தில் வண்டைக் கொல்லும் பூஞ்சாணமான பவேரியா பேசியானா 20 கிராம் தடவி, தரையில் கவிழ்த்து வையுங்கள். ஏக்கருக்கு 40 போதும். வாசனைக்கு வண்டு வந்து பூஞ்சாணம் ஒட்டிச் சாகும். தார் வெட்டிய மரத்தை அப்படியே நிற்க விடுவதுதான் இந்த வண்டுக்கு நாம் கட்டிக்கொடுக்கும் வீடு. அன்றைக்கே சாய்த்து, துண்டு போட்டுப் பிளந்து காய விடுங்கள்.

ஒடியாமல் கிழங்கோடு பெயர்ந்து சாய்ந்திருந்தால் வேரைப் பிளந்து பாருங்கள். செம்பழுப்புக் கீறல் இருந்தால் நூற்புழு. கிழங்கில் சுரங்கம் ஓடியிருந்தால் கிழங்குக் கூன்வண்டு. இரண்டும் பெரும்பாலும் கன்றோடு வருபவை. அடுத்த நடவுக்குக் கன்றின் வேரையும் மேல்தோலையும் சீவி, 55 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து நடுங்கள்.

பக்கத்து வயலில் கிராண்ட் நைன் வாழை பனாமா அறிகுறியோடு வாடினால் மட்டும் தாமதிக்காமல், வெட்டிய கிழங்கின் படத்தோடு திருச்சி தாயனூரில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் சொல்லுங்கள். ஃபுசேரியத்தில் ரஸ்தாளியைக் கொல்லும் சாதாரண இனம் பொதுவாக கிராண்ட் நைனை ஒன்றும் செய்யாது. பிகார், உத்தரப் பிரதேசத்தில் பரவிய டி.ஆர்.4 என்ற இனம் அதையும் கொல்லும்.