கேட்பாரற்ற குகைகளும் கற்களும்: கேள்வி பதில்

மலைக்குகைக் கல்வெட்டு, பாறை ஓவியம், வீரர்களுக்கு எடுத்த நடுகல், பழங்கால ஈமச்சின்னமான கல்திட்டை என்று ஊருக்கு வெளியே கிடக்கும் தொல்லிடங்களைத் தேடிப் பார்த்துப் பதிவுசெய்வதுதான் எனக்குப் பல வருடமாக வேலை. இவை அழிந்துகொண்டிருப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): ஐயா, சித்தன்னவாசல் ஏழடிப்பாட்டம் குகையில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளுக்குப் பக்கத்தில் பெயர்கள் வெட்டியிருக்கிறார்களே. அன்றைக்கு வெட்டினால் வரலாறு, இன்றைக்குப் பசங்க எழுதினால் மட்டும் குற்றமா?

பதில்: நியாயமான கேள்விதான் அம்மா. அந்தப் பழைய பெயர்கள் படுக்கையோடு சேர்ந்தவை. இன்னாருடைய இடம், இன்னார் செய்து கொடுத்தது என்று சொல்வதற்காக வெறும் பாறையில் வெட்டியவை. இப்போது எழுதுகிறவர்கள் அந்த எழுத்துகள் மேலேயே எழுதுகிறார்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு எழுத்தை எடுத்துச் சொல்கிறேன். தமிழி என்கிற தமிழ் பிராமியில் ‘ர’ என்பது நேராக நிற்கும் ஒரு கோடு, அவ்வளவுதான். ‘க’ என்பது கூட்டல் குறி. கருங்கல்லின் சொரசொரப்பில் ஆழமில்லாமல் வெட்டிய கோடுகள் இவை. காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் சரியாகவே தெரியும். அந்த ‘ர’வின் குறுக்கே ஒருவர் சாவியால் ஒரு கீறல் போட்டால் அது ‘க’ ஆகிவிடும். ஒரு ஆளின் பெயர் மாறிவிடும், ஊரின் பெயர் மாறிவிடும். இருபது வருடம் கழித்து அந்தக் கீறலும் வெயிலில் கறுத்துவிட்டால் எது பழசு, எது புதுசு என்று பிரிப்பது பெரும்பாடு.

ஒரு வரிக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களிடம் நான் ஜம்பையைத்தான் சொல்வேன். அசோகர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சேரரோடு சதியபுத்திரர் என்று ஒரு மரபையும் சொல்கிறார். அவர்கள் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் விவாதித்தார்கள். திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை மலைக்குகையில் 1981-இல் ஒரே ஒரு வரி கிடைத்தது: ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பளி’, அதாவது சதியபுத்திரன் அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி (துறவிகளின் உறைவிடம்). சதியபுத்திரர் அதியமான் மரபினர் என்பது அந்த ஒரு வரியால் தெளிவானது. அதன் மேல் யாராவது முன்பே பெயிண்டால் அம்பு விட்ட இதயம் வரைந்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

கேள்வி (மலையேற்றக் குழு இளைஞர்): அண்ணே, எங்கள் ஊர்க் குகை முழுக்க பெயிண்ட் கிறுக்கல். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் தின்னரும் கம்பி பிரஷும் எடுத்துக்கொண்டு போய்ச் சுத்தம் செய்யலாம் என்று இருக்கிறோம். போகலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் அக்கறை புரிகிறது, ஆனால் தயவுசெய்து வேண்டாம். கம்பி பிரஷ் பெயிண்டோடு சேர்த்துப் பாறையின் மேல்தோலையும் உரித்துவிடும், கல்வெட்டு இருப்பதே அந்தத் தோலில்தான். தின்னரில் கரைந்த பெயிண்ட் பாறையின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிட்டால் அப்புறம் யாராலும் எடுக்க முடியாது. ஆசிட் ஊற்றிய இடங்களைப் பார்த்திருக்கிறேன், பாறையே வெளுத்துப் பொரிந்து கிடக்கும். பயிற்சி பெற்ற வேதியியல் பாதுகாப்பாளர்கள் முதலில் ஓரமாக உள்ளங்கை அளவு இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்தில் கை வைப்பார்கள். பாறை ஓவியத்தின் மேல் பெயிண்ட் இருந்தால் அவர்களே தயங்குவார்கள், ஏனென்றால் அடியில் இருப்பதும் வண்ணம்தான்.

ஞாயிற்றுக்கிழமை போங்கள். பாட்டில், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து வாருங்கள். கிறுக்கல் ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் போகும்போது புதிதாக எது சேர்ந்தது என்று அந்தப் படங்களை வைத்துச் சொல்லலாம். அதுவே பெரிய உதவி.

கேள்வி (புகைப்படக்காரர்): பாறை ஓவியத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் நிறம் பளிச்சென்று வருகிறது. தண்ணீர்தானே, என்ன ஆகிவிடும்?

பதில்: காவியும் வெள்ளையும் பாறையோடு ஒட்டிக்கொண்டிருப்பதே பெரிய விஷயம். தண்ணீர் உப்பைக் கரைத்து மேலே கொண்டுவரும், காய்ந்ததும் அது வெள்ளைப் படலமாக ஓவியத்தின் மேல் உட்காரும். வருகிற ஒவ்வொருவரும் ஒரு பாட்டில் தெளித்தால் என்ன ஆகும்? சாக்பீஸால் ஓரம் வரைவதும் இதே கதைதான். சாதாரணமாகப் படம் எடுங்கள். மங்கிய நிறத்தைக் கணினியில் பிரித்துக் காட்ட டிஸ்ட்ரெச் என்று ஒரு மென்பொருளே இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத உருவங்கள்கூட அதில் எழுந்து வரும்.

கேள்வி (கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்): எங்கள் பக்கம் கல்திட்டைகளின் மூடுகல்லைப் புரட்டிப் போட்டுத் தோண்டியிருக்கிறார்கள். உண்மையிலேயே உள்ளே புதையல் இருக்குமா?

பதில்: இருக்காது. இதை எவ்வளவு உரக்கச் சொல்ல முடியுமோ அவ்வளவு உரக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கல்திட்டை, கல்பதுக்கை, கல்வட்டம், தாழி எல்லாம் ஈமச்சின்னங்கள். உள்ளே இருப்பது கறுப்பு-சிவப்புப் பானைகள், துருப்பிடித்த இரும்புக் கத்தி, எலும்புத் துண்டு, சில இடங்களில் கல்மணிகள். இரவில் கடப்பாரையோடு வருகிறவர் பானையை உடைத்துப் பார்ப்பார், உள்ளே மண் என்றதும் கொட்டிவிட்டுப் போவார். தங்கம் தேடி வந்தவருக்கு அது வெறும் மண். நமக்கு எல்லாமே அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது.

பழனி அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் குழு தோண்டிய ஈமக்குழியில் நாலு கால் சாடி ஒன்று நெல்லோடு கிடைத்தது. அந்த நெல்லை ஆய்வகத்துக்கு அனுப்பியபோது வந்த காலம் கி.மு. 490. அதே குழியில் எழுத்துப் பொறித்த பிரிமனையும் (பானை வைக்கும் வளையம்) இருந்ததால் தமிழ் எழுத்தின் காலத்தையே அந்த நெல் பின்னுக்குக் கொண்டுபோனது. சிவகளையில் ஒரு தாழியிலிருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். இந்த நெல் புதையல்காரர் கையில் கிடைத்திருந்தால் தரையில் கொட்டி மழையில் கரைந்திருக்கும்.

பானையைத் திருடாமல் வெறுமனே கிளறிவிட்டால்கூடப் போச்சு. எது எதன் பக்கத்தில் இருந்தது, எது மேலே, எது கீழே என்ற வரிசைதான் ஆய்வாளருக்குச் சாட்சி. கலைத்த பிறகு பானை வெறும் பானைதான்.

ஊரில் புதையல் பேச்சு வந்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள். வெளியாள் யாராவது பூசை சாமானோடு மலைப்பக்கம் சுற்றினால் கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் உடனே சொல்லுங்கள்.

கேள்வி (விவசாயி): சார், கிணற்று மேட்டைச் சமப்படுத்தும்போது ஜேசிபியில் இரண்டு தாழி உடைந்து வந்தது. வெளியே சொன்னால் நிலம் போய்விடும் என்கிறார்கள். மூடிவிடவா?

பதில்: முதலில் வண்டியை நிறுத்துங்கள் ஐயா. இந்தப் பயத்தால் அழிந்த தாழிகள்தான் அதிகம் என்பேன். தாழி வந்தது என்பதற்காக மட்டும் பட்டா நிலம் பறிபோவதில்லை. கீழடியிலேயே தனியார் தென்னந்தோப்புகளில்தான் உரிமையாளர்கள் சம்மதத்தோடு தோண்டினார்கள், பதிவு முடிந்ததும் குழிகளை மூடிக் கொடுத்தார்கள். 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் மறைத்தால்தான் சிக்கல். தாசில்தாரிடம் எழுத்தாகக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக் கழுவாதீர்கள், இருந்த இடத்திலேயே சாக்கு போட்டு மூடி வையுங்கள்.

கேள்வி (பலர்): கிறுக்குகிறவன் ஒரு எழுத்தைக் கெடுக்கிறான். குவாரிக்காரன் மலையையே கொண்டுபோகிறான். அதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பதில்: பேசியிருக்கிறார்கள், விலையும் கொடுத்திருக்கிறார்கள். மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காக மலைகளை வெட்டியதைப் பற்றி மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம் 2012-இல் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். 2014-இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்க நியமித்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் கீழவளவு, மாங்குளம், அரிட்டாபட்டி, திருவாதவூர் என்று வரிசையாகத் தமிழிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும் மாங்குளம் கல்வெட்டு அதில் ஒன்று.

குகையை விட்டுவிட்டு மலையை வெட்டினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. இந்தக் குகைகளின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாமல் இருக்கக் காடி வெட்டியிருப்பார்கள். கல்வெட்டு பெரும்பாலும் அதை ஒட்டியே இருக்கும். பக்கத்தில் வெடி வைக்கும்போது பாறையில் மயிரிழை வெடிப்பு விடுகிறது. காடியில் ஒரு சில்லு பெயர்ந்தால் போதும், அடுத்த மழையிலிருந்து தண்ணீர் எழுத்தின் மேலேயே வழியத் தொடங்கும், பாசி பிடிக்கும். மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்துக்கு நூறு மீட்டர் தடை, அதற்கு மேல் இருநூறு மீட்டர் கட்டுப்பாடு என்று சட்டம் இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் சேராத குகைக்கு அந்தக் கவசம் கிடையாது.

ஆனாலும் அரிட்டாபட்டியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்த ஊர். 2024 நவம்பரில் அந்தப் பகுதியும் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் வந்தது. சுற்றியுள்ள ஊர்மக்கள் கிளம்பினார்கள், கூட்டம் கூட்டமாக மதுரைக்கு நடந்தே போனார்கள். சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த ஊர்க்காரர்களுக்குத் தங்கள் மலையில் என்ன இருக்கிறது என்பது சுனை, குடைவரைக் கோயில், கற்படுக்கை, பறவை உட்படத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவ்வளவு உறுதியாக நிற்க முடிந்தது என்பது என் கருத்து.

கேள்வி (வீடியோ போடும் தம்பி): இடத்தைச் சொன்னால்தானே மக்கள் வருவார்கள், மதிப்பு தெரியும்? இடத்தை வெளியே சொல்லாதீர்கள் என்று நீங்கள் சொல்லி வருகிறீர்களே.

பதில்: வேலி, காவலர், பெயர்ப்பலகை உள்ள இடத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள். யாரும் காவல் இல்லாத இடத்துக்கு மேப் லிங்க் போடாதீர்கள். நீலகிரியில் கரிக்கையூர் போல எளிதில் போக முடியாத காட்டிலேயே ஓவியத்தின் மேல் பெயர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். என்ன இருக்கிறது, ஏன் முக்கியம் என்று பேசுங்கள், மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆய்வாளர் கேட்டால் தனியாகக் கொடுங்கள். அப்புறம், குகைக்குள் சமைப்பது மாதிரி வீடியோ வேண்டாம். கரி படிவது ஒரு பக்கம், சூட்டில் கருங்கல்லே செதில் செதிலாகப் பெயரும்.

கேள்வி (தருமபுரி வாசகி): எங்கள் வேடியப்பன் கோயில் நடுகல்லுக்கு எண்ணெய், மஞ்சள் பூசி, இப்போது டைல்ஸும் போட்டுவிட்டார்கள். இதுவும் சிதைப்புதானா?

பதில்: கும்பிட்டதால்தான் அந்தக் கல் இன்னும் நிற்கிறது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கும்பிட ஆளில்லாத நடுகற்கள் துவைகல்லாகவும் மடைக்கல்லாகவும் போய்விட்டன. அதனால் பூசாரியிடம் கோபத்தோடு போகாதீர்கள். எண்ணெயும் மஞ்சளும் நாளடைவில் எழுத்தை அடைத்தாலும் பக்குவமாக மீட்க வழி இருக்கிறது. டைல்ஸ் ஒட்டும் சிமெண்டும் எனாமல் பெயிண்டும்தான் ஆபத்து. தரையை உயர்த்தும்போது கல்லின் அடிப்பகுதி உள்ளே போய்விடும், சில கற்களில் எழுத்து அங்கேதான் இருக்கும். ‘சாமி யார், எந்த ஊர்ப் பூசலில் விழுந்தார் என்று இதில் எழுதியிருக்கிறது’ என்று படித்துக் காட்டுங்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த சங்ககால நடுகல்லில் ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்று ஒரு ஆகோள் (மாடு கவரும்) பூசலில் விழுந்தவனின் பெயர் அப்படியே இருக்கிறது. தங்கள் சாமிக்கும் ஒரு பெயர் உண்டு என்று தெரிந்ததும் சிமெண்ட் சட்டியைக் கீழே வைத்த ஊரை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எல்லாவற்றையும் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டால் என்ன?

பதில்: சாலைப்பணியில் பிடுங்கிப் போட்ட கல் என்றால் சரி, துறையின் மூலம் கொண்டுபோகலாம். குகையையும் கல்வட்டத்தையும் எப்படிக் கொண்டுபோவது?

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவர்): தண்டனை எவ்வளவு?

பதில்: மத்தியப் பாதுகாப்புச் சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2010 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு மூன்று மாதமும் ஐயாயிரம் ரூபாயுமாக இருந்தது. மாநிலச் சின்னங்களுக்கு 1966-ஆம் வருடச் சட்டம் தனியாக இருக்கிறது. நம் பெரிய குறை தண்டனையில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத இடங்களே அதிகம், அழிவதும் அவைதான்.

கேள்வி (அரசுப் பள்ளி ஆசிரியை): எங்கள் பிள்ளைகளால் என்ன செய்ய முடியும்?

பதில்: உங்கள் ஊர் எல்லைக்குள் இருக்கிற பாறை, சுனை, மேடு ஒவ்வொன்றின் பெயரையும் ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள் டீச்சர். பஞ்சபாண்டவர் படுக்கை, பாண்டவர் வீடு, வாலியர் வீடு என்று பெயர் வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம். போகிற இடத்தில் தொடாமல், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, நேராக ஒரு படமும் சுற்றுப்புறம் தெரிய ஒரு படமும் எடுக்கட்டும். கல்லில் மை ஒற்றிப் படியெடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள், அது பழகினவர் செய்யும் வேலை. படங்களோடு கிராமம், சர்வே எண் எழுதி மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு ஒரு பிரதி, ஊராட்சித் தலைவருக்கு ஒரு பிரதி கொடுங்கள். மூன்றாவது பிரதி பள்ளியிலேயே இருக்கட்டும், அடுத்த வருடம் வரும் பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.