மூன்றரைப் பக்கமும் அரைப் பக்கமும்

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியில் நான் செயலாளர். திருவிழாக் கணக்கு என்று உட்கார்ந்தாலே கூச்சல், ஏச்சு. வீட்டுக்கு வந்த பிறகும் அதே பேச்சு மண்டைக்குள் ஓடுகிறது. வேலையில் மனம் நிற்கவில்லை. எழுதினால் மனம் ஒருநிலைப்படும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: எதை எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் அனுப்பிய கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் பொருளாளர் பேசியது, அவர் மச்சான் பேசியது, அதற்கு நீங்கள் சொல்லாமல் விழுங்கிய பதில். கேள்வி கடைசி அரைப் பக்கத்தில்தான் வந்தது. கூட்டத்திலும் உங்கள் பேனா இப்படித்தான் ஓடியிருக்கும்.

என் அப்பா தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கு எழுதுபவர். விடியுமுன் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், மேற்பார்வை பார்க்கும் தண்டல் ஏசுவார், ஏச்சு வாங்கியவர் திருப்பி ஏசுவார். அப்பா செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டின் மேல் குனிந்தபடி கேட்பது இரண்டுதான்: யார் பேர்? எந்த நிரை? ஏச்சை எழுத அதில் கட்டம் கிடையாது. அவருக்குக் காது மந்தமோ என்றுகூடச் சின்ன வயதில் நினைத்திருக்கிறேன்.

உங்கள் நோட்டிலும் அப்படிக் கட்டம் போடுங்கள். "உங்கப்பன் வீட்டுப் பணமா?" என்று ஒருவர் கத்துகிறார். நீங்கள் எழுத வேண்டியது: 'பந்தல் செலவு 1,850 வெள்ளி (ரிங்கிட்). ரசீது இல்லை. யார் தருவது? எந்தத் தேதிக்குள்?' எழுதிவிட்டு வாய்விட்டுக் கேளுங்கள்: "அண்ணே, கொஞ்சம் இருங்க, ரசீது யார்கிட்ட இருக்குன்னு எழுதிக்கிறேன்." பேச்சின் வேகத்துக்குக் கை ஓடாது. உங்கள் கைக்காக அவர் நிதானிக்க வேண்டிவரும். நீங்களும் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருப்பதால் பதில் ஏச்சு தேட நேரம் இருக்காது. இது சும்மா மனப்பயிற்சி இல்லை, தங்கச்சி. பதிவு பெற்ற கமிட்டி என்றால் ஆண்டுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு போக வேண்டும். அங்கே கேட்கப்போவது ரசீதைத்தான், மச்சான் சொன்னதை அல்ல.

கை வைத்துவிடுவேன் என்று யாராவது மிரட்டினால் மட்டும் சொன்னது சொன்னபடியே தேதி போட்டு எழுதி, போலீசில் புகார் கொடுங்கள். மற்றபடி 'அன்றைக்கு நீங்க இப்படிப் பேசலையா' என்று நீட்டிக் காட்டுவதற்காக நோட்டு வைக்காதீர்கள். அது சண்டைக்கு விறகு அடுக்குவது.

சரி, மண்டைக்குள் ஓடுவதற்கு? அதற்கு வேறொரு நோட்டு வேண்டும். 1986-இல் ஜேம்ஸ் பென்பேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் மாணவி சாண்ட்ரா பீலும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் தங்களை வாட்டிய சம்பவத்தை நாள்தோறும் 15 நிமிடம், நான்கு நாள் எழுதினார்கள். நடந்ததையும் அதில் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மருத்துவரைத் தேடிப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் பாரமாகவே இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் சிறிய அளவில்தான் தெரிந்தது. அதனால் ஒரே ராத்திரியில் மனம் லேசாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்படியே லேசானாலும், மறுநாள் கூட்டத்தில் அதே பொருளாளர்தான் உட்கார்ந்திருப்பார்.

இந்த நோட்டில் முழுசாகக் கொட்டலாம். மூன்றரைப் பக்கத்துக்கு இடம் இங்கேதான். படிக்க ஆள் கிடையாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நீளமாக அனுப்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை எழுத்து என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கூட்டம் இன்னும் கலையவில்லை என்றுதான் அர்த்தம். பத்துப் பேர் முழித்துக்கொண்டு பதில் போடுவார்கள், உங்கள் தூக்கம் போனதுதான் மிச்சம்.

அப்புறம், பந்தல் ரசீது கிடைத்ததா? அதை மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.